பிறன் என்னும் சொல்

எருசலேம் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில் மலைமீது அமைந்தது. எரிகோ நகரமோ கடல்மட்டத்திற்குக் கீழே 800 அடிக்கு மேல் தாழ்ந்து, சாக்கடலுக்கு அருகில் பள்ளத்தில் கிடப்பது. இரண்டிற்கும் இடைப்பட்ட வழி 17 அல்லது 18 மைலே ஆயினும், நெடுகிலும் இறக்கம். நிழல் தரும் மரம் அரிது. பாறைகளின் நடுவே வளைந்து வளைந்து செல்வது. கள்வர் பதுங்குவதற்கு ஏற்ற இடம். இயேசு பெருமான் கூறிய கதைகளுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்று இந்த வழியில்தான் நிகழ்கிறது. கிறிஸ்தவர் தம் சபைக்கு வெளியே உள்ள உலகத்திற்கு ஏன் தொண்டு செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களுடைய இறையியல் கூறும் விடையை அறிய விரும்புவோர், அந்த வழியிலிருந்தே தொடங்குவது நல்லது.

யூதர்களின் சட்டநூலில் தேர்ச்சி பெற்ற ஒருவர் இயேசுவிடம் வந்து, நிலைபேறான வாழ்வை அடைய என்ன செய்ய வேண்டும் என்று வினவுகிறார். சட்டநூல் என்ன சொல்கிறது என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். கடவுளிடத்தில் முழுமனத்தோடு அன்பு செலுத்த வேண்டும், தன்மீது வைக்கும் அன்பைப் பிறன்மீதும் வைக்க வேண்டும் என்று அவர் விடை கூறுகிறார். விடை சரியே. ஆனால் வந்தவர் அத்துடன் அமையவில்லை. அந்தப் பிறன் யார் என்று மேலும் கேட்கிறார். கற்றவர்கள் கேட்கும் கேள்வி இது. கடமையின் எல்லைக்கோட்டை முதலில் வரைந்து கொண்டால், கோட்டுக்கு அப்பால் இருப்பவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை அல்லவா?

கிரேக்க மூலத்தில் இங்கே உள்ள சொல்லுக்கு அருகில் இருப்பவன் என்பது பொருள். நம் பழைய தமிழ் வேதாகமத்தை ஆக்கியோர் அதனைப் 'பிறன்' என்று பெயர்த்தனர். பிற்காலத்துத் திருவிவிலியம் 'அடுத்திருப்பவர்' என்கிறது. மூலத்திற்கு அணுக்கமானது பின்னதே. ஆயினும் பழைய சொல்லில் ஒரு பொருத்தம் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. பிறன் என்றால் நான் அல்லாதவன். என் வீட்டான் அல்லன், என் ஊரான் அல்லன், என் சமயத்தான் அல்லன். இயேசு சொல்லப்போகும் கதையை முன்கூட்டியே மனத்தில் கொண்டவர்போல அவர்கள் இச்சொல்லை அமைத்துவிட்டனர்.

கதை உங்களுள் பலரும் அறிந்ததே. எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் சென்ற ஒருவனைக் கள்வர் அடித்து, உடைமைகளைப் பறித்து, குற்றுயிராக வழியில் விட்டுச் சென்றனர். ஓர் ஆசாரியர் அவ்வழியே வந்தார், கண்டார், விலகிப் போனார். கோயிற்பணி புரியும் லேவியர் ஒருவரும் அவ்வாறே விலகிப் போனார். மூன்றாவதாக ஒரு சமாரியன் வந்தான். யூதருக்கும் சமாரியருக்கும் நெடுங்காலப் பகை. ஒருவர் கையால் மற்றவர் நீர் வாங்கிப் பருகவும் கூசிய காலம் அது. அந்தச் சமாரியன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான். தான் ஏறிவந்த விலங்கின்மேல் அவனை ஏற்றி ஒரு சத்திரத்திற்குக் கொண்டு சென்று பேணினான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் புறப்பட்டான். ஒரு தெனாரியம் அக்காலத்துக் கூலியாள் ஒருவனின் ஒரு நாள் ஊதியம்.

கதையை முடித்ததும் இயேசு, கேட்டவரின் கேள்வியையே தலைகீழாக்கி விடுகிறார். என் அன்பைப் பெறத் தகுதியுடைய பிறன் யார் என்பது அவர் கேட்டது. அடிபட்டவனுக்கு இம்மூவருள் எவன் பிறன் ஆனான் என்பது இயேசு கேட்டது. முதற் கேள்வியில் நாம் நடுவில் நின்றுகொண்டு சுற்றிலும் பார்த்து அளக்கிறோம். இரண்டாவது கேள்வியில் நடுவில் கிடப்பவன் அடிபட்டவன், அளக்கப்படுபவர் நாம். சட்டம் கற்றவருக்குச் 'சமாரியன்' என்று வாயால் சொல்ல மனம் வரவில்லை. இரக்கம் காட்டியவன் என்று மட்டும் சொல்லி நிறுத்திக் கொண்டார். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இக்கதையைக் கேட்டவர் யூதர். கதையில் அவர் தம்மை எங்கே பொருத்திக் கொள்வார்? சமாரியனாகத் தம்மைக் கற்பனை செய்ய அவரால் இயலாது; விலகிப் போனவராகத் தம்மைக் காணவும் விரும்பார். எஞ்சுவது வழியில் கிடப்பவன் ஒருவனே. தாம் வெறுக்கும் மனிதனின் கையால் நீரும் மருந்தும் பெற்றுப் பிழைத்தவனாகத் தம்மைக் காணும்படி அக்கதை அவரை நிறுத்துகிறது. தொண்டு என்றவுடன் கொடுக்கும் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பதே நம் வழக்கம். கிறிஸ்தவ இறையியல் அதற்கு முன்னே, பெறும் இடத்தில் மனிதனை வைக்கிறது. இதை மறந்தால் பின்னால் வருவன எவையும் விளங்கமாட்டா.

இனி, கிறிஸ்தவர் பிற சமயத்தாருக்குச் செய்யும் தொண்டைப் பற்றி உலகம் எழுப்பிய ஐயங்களுக்கு வருவோம். அவை இரண்டு. இத்தொண்டு மறுமைக்குச் சேர்த்து வைக்கும் கூலியா என்பது ஒன்று. பிறரைத் தம் சமயத்திற்கு இழுக்கும் தூண்டிலா என்பது மற்றொன்று. இரண்டும் நேர்மையான ஐயங்களே. இவற்றைக் கேட்பவரைப் பகைவர் என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று.

முதல் ஐயம் நம் நாட்டினருக்குப் புதியதன்று. புறநானூற்றில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடும்போது, இங்கே செய்தது மறுமையில் பயன் தரும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வாணிகன் அவன் அல்லன் என்று புகழ்கிறார். அவ்வாறு அறத்தை விற்றவர்களும் அந்நாளில் இருந்தனர் என்பதும் அதனால் தெரிகிறது. கிறிஸ்தவ உலகிலும் அந்த வாணிகம் நடந்ததுண்டு. இடைக்கால ஐரோப்பாவில் நற்செயல்களைத் தொகுத்து மீட்புக்கு விலையாகக் கொடுக்கலாம் என்னும் எண்ணம் மக்களிடையே பரவியிருந்தது. பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் காசுக்கே விற்கப்பட்டன. 1517ஆம் ஆண்டில் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் எழுப்பிய எதிர்ப்பு அந்த விற்பனையைக் குறித்தே தொடங்கிற்று. 1520இல் கிறிஸ்தவனின் விடுதலை என்னும் பொருள்பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். மீட்பு என்பது கடவுள் விலையின்றித் தரும் கொடை. அதற்கு மனிதன் கொடுக்க வேண்டிய விலை எதுவும் இல்லை என்பது அவர் கொள்கை. அப்படியானால் நற்செயல் எதற்கு? கூலி இல்லையென்றால் யார் வேலை செய்வார் என்று அக்காலத்தவரும் கேட்டனர். லூதரின் விடை நுட்பமானது. நம் நற்செயல் கடவுளுக்குத் தேவையில்லை; ஆனால் பிறனுக்குத் தேவை. கடவுளிடம் கணக்குத் தீர்க்க வேண்டிய கவலை நீங்கிய மனிதனுக்கே, தன் கைகளை முழுவதும் பிறன் பக்கம் திருப்ப முடியும். 1527இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, வெளியேறுமாறு பலர் வற்புறுத்தியும் அவர் வெளியேறாமல் தங்கி நோயாளிகளைப் பேணினார். அவர் வீடே மருத்துவமனை போல ஆயிற்று என்பர்.

மாணவர்களே, இறுதித் தீர்ப்பைக் குறித்து மத்தேயு எழுதிய நூலின் 25ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. அரசராகிய கிறிஸ்து தம் வலப்பக்கம் உள்ளோரைப் பார்த்து, தாம் பசித்திருந்தபோது அவர்கள் உணவளித்ததையும், ஆடையின்றி இருந்தபோது உடுத்தியதையும், சிறையில் இருந்தபோது வந்து கண்டதையும் சொல்லிப் பாராட்டுகிறார். எளியவருள் ஒருவருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக அவர் ஏற்றுக்கொள்ளும் பகுதியைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வர். நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அதற்கு முன்னுள்ள ஒரு சிறு பகுதி. பாராட்டைப் பெற்ற நல்லவர்கள் திகைத்துப் போகிறார்கள்! உம்மை எப்போது கண்டோம், எப்போது இவற்றைச் செய்தோம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நினைவே இல்லை. அவர்கள் கணக்கு வைத்திருக்கவில்லை. கூலி எதிர்பார்த்தவனுக்குத் தான் செய்த வேலை மறந்து போகுமா?

இந்தத் திகைப்பின் பொருள் எனக்கு விளங்கியது நூல்களால் அன்று. நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், மாணவரிடையே தொண்டுணர்ச்சியை வளர்ப்பதாக எண்ணி, 'நற்செயற் குறிப்பேடு' என்று ஒன்றை ஏற்படுத்தினேன். நாள்தோறும் ஒரு நற்செயல் செய்து அதை எழுத வேண்டும்; மாத இறுதியில் மதிப்பெண்; ஆண்டு இறுதியில் பரிசு. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஊக்கமூட்டுதலைப் பற்றிப் படித்ததெல்லாம் என் தலையில் நிறைந்திருந்த காலம். குறிப்பேடுகள் விரைவில் நிரம்பின. ஊரில் இருந்த முதியோர் எண்ணிக்கையைக் காட்டிலும், மாணவர் கைபிடித்துத் தெருவைக் கடத்திவிட்ட முதியோர் எண்ணிக்கை மிகுதியாயிற்று. ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் குறிப்பேடு மட்டும் வெறுமையாக இருந்தது. அவனைக் கூப்பிட்டுக் கடிந்தேன்; தலைகுனிந்து நின்றான். சில வாரம் கழித்து ஒரு மாலையில் பள்ளி வாயிலில் நின்றபோது, இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய வேறொரு மாணவனை அவன் முதுகில் சுமந்து செல்வதைக் கண்டேன். விசாரித்ததில், ஆறாம் வகுப்பு முதலே காலையும் மாலையும் அப்படித்தான் என்று தெரிந்தது. மறுநாள், இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "இதையும் எழுதணுமா சார்? அவனும் நானும் ஒரே தெருதானே" என்றான். அவன் அடக்கத்தால் அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்கு நான் கேட்டது விளங்கவில்லை. அந்த ஆண்டோடு குறிப்பேட்டை நிறுத்திவிட்டேன். பரிசை அவனுக்குக் கொடுக்கலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். கொடுத்திருந்தால் அவனையும் கணக்கனாக்கிய பாவம் என்னைச் சேர்ந்திருக்கும்.

தொண்டு என்பதற்குக் கிரேக்க நூல்களில் வழங்கும் சொல் 'தியாகோனியா'. அது முதலில் பந்தியில் உணவு பரிமாறும் வேலையைக் குறித்தது. எருசலேமில் இருந்த முதல் சபையில், அன்றாடம் உணவு பங்கிடும்போது கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்ற முறையீடு எழுந்தது. அதைச் சீர்செய்ய ஏழு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்று திருத்தூதர் பணிகளைக் கூறும் நூல் தெரிவிக்கிறது. சோறு பங்கிடுவதில் ஏற்பட்ட மொழிப் பூசலிலிருந்து ஒரு திருப்பணி பிறந்தது என்பதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வருவதுண்டு, நம்பிக்கையும் வருவதுண்டு. நம் மொழியில் தொண்டு என்ற சொல்லுக்கு அடிமைத்தன்மை என்னும் பொருளும் உண்டு. உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய நாவுக்கரசரை நினைப்பவருக்கு இது எளிதில் விளங்கும். கிறிஸ்து அடிமையின் வடிவை மேற்கொண்டு தம்மை வெறுமையாக்கினார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய மடலில் கூறுவதும் இப்பொருளையே தழுவியது. இயேசு தாம் பிடிபடுவதற்கு முந்திய இரவில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடரின் கால்களைக் கழுவினார். பேதுரு மறுத்தார். குருவின் காலைக் கழுவச் சொல்லியிருந்தால் அவர் மகிழ்ந்து செய்திருப்பார். தம் காலைக் குரு கழுவ விடுவதே அவருக்கு அரிதாயிற்று. தொண்டு செய்வதைக் காட்டிலும் தொண்டைப் பெறுவது கடினம் என்பதை அறியாதவன், பிறருக்குச் செய்யும்போது அவர்கள் நெஞ்சில் என்ன நிகழ்கிறது என்பதையும் அறியமாட்டான்.

இத்தொண்டு சபையின் வேலிக்குள் நிற்காமல் வெளியே சென்றதற்கு மிகப் பழைய சான்றுகள் உண்டு. கி.பி. 250ஆம் ஆண்டில் உரோமப் பேரரசர் தேசியஸ் காலத்தில் கிறிஸ்தவர் கொடுமையாக ஒறுக்கப்பட்டனர். அதற்கு அடுத்த ஆண்டுகளில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் பெரும் கொள்ளைநோய் பரவியது. தம்மவரை மட்டுமன்றித் தம்மை ஒறுத்தவரையும் பேணுமாறு அந்நகர ஆயர் சிப்ரியான் சபையாரை ஏவினார். 258இல் அதே அரசின் ஆணையால் அவர் தலை வெட்டப்பட்டது. நான்காம் நூற்றாண்டில், இன்று துருக்கி நாட்டில் உள்ள கப்பதோக்கியாவில், ஆயர் பசிலியார் செசரியா நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் இல்லங்களைக் கட்டினார். தொழுநோயாளருக்கும் அங்கே இடம் இருந்தது. உலகின் முதல் மருத்துவமனைகளுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் அதைக் கருதுவர். அதே நூற்றாண்டில், 361 முதல் 363 வரை ஆண்ட பேரரசர் ஜூலியன் கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வ வழிபாட்டை நிலைநாட்ட முயன்றார். கிறிஸ்தவர் தங்கள் ஏழைகளையன்றி நம் ஏழைகளையும் காக்கிறார்களே, நம் பூசாரிகள் என்ன செய்கிறார்கள் என்று அவர் எழுதிய கடிதம் ஒன்று உண்டு. பகைவர் வாயிலிருந்து வந்த சான்று ஆதலின் இதற்கு மதிப்பு மிகுதி. ஆயினும் ஜூலியன், அன்பினால் அவர்கள் இதைச் செய்வதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் சேர்க்கும் உபாயம் என்றே எண்ணினார். இரண்டாவது ஐயத்திற்கு வயது 1,600 ஆண்டுக்கு மேல் என்பதை இதனால் அறியலாம்.

இந்த ஐயத்தை நம் நாட்டு வரலாறு கூர்மையாக்கியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சத்தில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஒங்கோலில், அமெரிக்க பாப்டிஸ்டு ஊழியரான ஜான் கிளோ, பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, பட்டினி கிடந்தோருக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். சோற்றுக்காகச் சமயம் மாறினர் என்ற பழி வரக்கூடாது என்று, துயர்துடைப்பு நடந்த காலமெல்லாம் ஒருவருக்கும் திருமுழுக்குக் கொடுக்க அவர் மறுத்துவிட்டார். வேலை முடிந்த பின், 1878 ஜூலை மாதத்தில் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். இதை எப்படி மதிப்பிடுவது? நாணயமாகக் காத்திருந்தார் என்பர் சிலர். காத்திருந்தாலும் விளைவு ஒன்றே அன்றோ என்பர் சிலர். அந்த 2,222 பேருள் பெரும்பாலோர், அதுவரை ஒருவரும் மனிதராக மதித்து அருகில் அமர்த்தாத ஒடுக்கப்பட்ட வகுப்பினர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கணக்கு முழுவதும் தீராது என்பதே என் கருத்து.

காந்தியடிகள் கிறிஸ்துவின் மலைப்பொழிவைப் போற்றியவர். கிறிஸ்தவ நண்பர் பலரை உடையவர். ஆயினும் மருத்துவத்தையும் கல்வியையும் மதமாற்றத்திற்குக் கருவியாக்குவதை அவர் கண்டித்தார். தன்னலமற்ற மனிதத் தொண்டாக மட்டும் செய்வதாயின் அதை வரவேற்பதாகவும் சொன்னார். மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழு 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும் மருத்துவம் முதலிய தொண்டுகளை மதமாற்றத்திற்குப் பயன்படுத்துவதைத் தடுக்க வேண்டும் என்றது. அறிக்கை ஒருதலையானது என்று சபைகள் மறுத்தன. ஆனால் மறுத்ததோடு நில்லாமல், தம் தொண்டின் அடிப்படை எது என்று இறையியலாளர் தமக்குள்ளேயே ஆராய்ந்துவந்த காலம் அது. ஹிட்லரை எதிர்த்துச் சிறைப்பட்டு 1945 ஏப்ரல் 9ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் பாதிரியார் டீட்ரிக் போன்ஹோபர், சபை பிறருக்காக வாழும்போதுதான் சபையாகிறது என்றும், அதற்குத் தொடக்கமாக அது தன் சொத்துகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சிறையிலிருந்து எழுதினார். முதற் பாதியை எல்லாச் சபைகளும் மேற்கோள் காட்டுகின்றன. பிற்பாதியை மேற்கோள் காட்டுவோர் குறைவு. 1965 டிசம்பரில் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இன்றைய உலகில் திருச்சபையின் நிலையைக் குறித்து வெளியிட்ட ஏட்டின் தொடக்கத்திலேயே, உலக மக்களின், சிறப்பாக ஏழைகளின், மகிழ்ச்சியையும் துயரத்தையும் தன்னுடையவையாக ஏற்றது. அறிவிப்பின்றித் தொண்டு மட்டும் போதாது என்று கருதும் கிறிஸ்தவரும் பலர் உளர். அவர்கள் வாதத்திற்கும் வேதாகமத்தில் இடம் உண்டு. எனினும் தொண்டு தன்னளவில் முழுமையானது, வேறொன்றை அடைவதற்கு ஏணி அன்று என்னும் கருத்து கடந்த நூற்றாண்டில் வலுப்பெற்றது.

கருத்து எவ்வாறாயினும் அது செயலில் எப்படி வடிவு கொண்டது என்று காண வேலூருக்குச் செல்வோம். ஐடா ஸ்கட்டர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக மருத்துவ ஊழியர்களைத் தந்த அமெரிக்கக் குடும்பத்தினர். அவருக்கோ இந்நாட்டில் தங்கும் எண்ணம் சிறிதும் இல்லை. அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாய்க்கு உதவத் திண்டிவனம் வந்திருந்தார். ஓர் இரவு அந்தணர் ஒருவர் வந்து, இளம் மனைவி பிரசவ வேதனையில் இருப்பதாகச் சொல்லி உதவி கேட்டார். தம் தந்தையார் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. ஆண்மகன் தம் மனைவியைத் தொடலாகாது என்று அவர் திரும்பிப் போனார். சிறிது நேரத்தில் முஸ்லிம் ஒருவரும், அவருக்குப் பின் வேறோர் இந்து கனவானும் அதே வேண்டுகோளோடு வந்து, அதே விடையைச் சொல்லித் திரும்பினர். காலையில் சாவுப்பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

இந்நிகழ்ச்சியை வீர வரலாறாகச் சொல்வோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த மூன்று ஆடவரின் கட்டுப்பாடு தவறானது, அதை முதலில் விட்டொழிக்கட்டும் என்று அவர் சொல்லியிருக்கலாம். நியாயமும் அவர் பக்கம் இருந்திருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் எங்கே நின்றார்களோ அங்கே போய்ச் சேரத் தாம் மாறினார். அமெரிக்கா சென்று கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் படித்து 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனை எழுந்தது. 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண் மாணவரும் சேர்க்கப்பட்டது 1947இல். வாரந்தோறும் குடியாத்தம் செல்லும் வழியில் மரத்தடிகளில் நின்று நோயாளிகளைப் பார்ப்பதும் அவர் வழக்கமாயிற்று. தாம் ஒருவரே எத்தனை பெண்களைக் காக்க முடியும் என்று எண்ணி, இந்நாட்டுப் பெண்களையே மருத்துவர் ஆக்கியது அவர் செய்தவற்றுள் தலையாயது. அவர் 1960இல் மறையும் வரை அங்கே வந்த நோயாளர் பெரும்பாலும் கிறிஸ்தவர் அல்லாதவரே. அவர்கள் அவ்வாறே வந்து, குணமாகி, அவ்வாறே திரும்பிச் சென்றனர்.

அதே வேலூருக்கு 1946இல் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் வந்தார். அவரும் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மருத்துவம் கற்பதற்கு முன் தச்சும் கொத்துவேலையும் பயின்றவர். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைக் கண்டு, இவற்றை ஏன் ஒருவரும் ஆராயவில்லை என்று வியந்தார். தொழுநோயால் சதை தானே அழுகி உதிர்வதில்லை. நரம்பு கெட்டு வலி தெரியாமற் போவதால், நோயாளி தன் கையைத் தானே அறியாமல் சிதைத்துக் கொள்கிறான் என்று அவர் கண்டறிந்தார். கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிப்பான், தெரியாது. உறங்கும்போது எலி விரலைக் கடிக்கும், தெரியாது. எலிகளை இரவில் காவலிருந்து கண்டுபிடித்தபின், நோயாளிகள் பூனை வளர்க்க ஏற்பாடு செய்தார் அவர்! நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். அவர் ஒரு நோயாளியின் தோளில் கைவைத்துத் தைரியம் சொன்னபோது அம்மனிதர் விம்மி அழுதாராம். தாம் ஏதும் தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று அவர் அருகிலிருந்தவரைக் கேட்க, பல ஆண்டுகளாக ஒருவரும் அவரைத் தொட்டதில்லை, அதனால்தான் அழுகிறார் என்று விடை வந்தது.

ஆனால் என் மனத்தில் தங்கிய செய்தி வேறொன்று. கை சீராகி ஊருக்குப் போன நோயாளி ஒருவர் சில காலம் கழித்துத் திரும்பி வந்து, இந்தக் கைகளால் பிச்சை கூடக் கிடைப்பதில்லை என்று முறையிட்டார். விரல் மடங்கியிருந்தபோது இரங்கிக் காசு போட்டனர்; நிமிர்ந்தபின் இரங்குவாரும் இல்லை, வேலை தருவாரும் இல்லை. அறுவை சிகிச்சை வெற்றி, மனிதனுக்கோ பசி. பிராண்டு இதைக் கேட்டுச் சினக்கவில்லை. மருத்துவமனை வளாகத்தில் நவஜீவ நிலையம் என்று குடிசைகள் அமைத்து, தாம் இளமையில் கற்ற தச்சுவேலையை அவர்களுக்குக் கற்பித்தார். மரப்பொம்மைகள் செய்து விற்றனர். பிழைப்புக்கு ஒரு தொழிலும் கையில் சேர்ந்த பிறகே அவர்கள் ஊர் திரும்பினர். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. வேலூரில் தோன்றிய கை அறுவை முறைகளை வேறு நாட்டு மருத்துவரும் பின்னர்க் கையாண்டனர்.

எரிகோ வழியில் காயம் கட்டியவன், கட்டியதோடு போயிருந்தால் அடிபட்டவன் அன்றிரவே இறந்திருப்பான். அதனால்தான் கதையில் சத்திரமும், இரண்டு தெனாரியமும், திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்ற வாக்கும் வருகின்றன. அடிபட்டவன் கண் விழித்தானா, தன்னைக் காத்தவன் சமாரியன் என்று அறிந்தானா, அறிந்து முகம் சுளித்தானா, அதன்பின் எந்தக் கோயிலில் வழிபட்டான் என்பன எவையும் கதையில் இல்லை. சமாரியன் சத்திரக்காரனிடமும் அவற்றைக் கேட்டறியச் சொல்லவில்லை. செலவுக் கணக்கை மட்டும் தன் பெயரில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டுப் போனான்.